பிளர்ட் அவுட் என்றால் உளறலா?

ஆங்கிலத்தில் ‘பிளர்ட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. தனியாக வருவது குறைவு. ‘அவுட்’ என்ற சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ‘பிளர்ட் அவுட்’ என்றுதான் பெரும்பாலும் வரும். நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பலவற்றில் இதற்கு நேரே ‘உளறு’ என்று போட்டிருக்கும். நாமும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு அகராதியை மூடிவிடுவோம். ஆனால் ‘உளறு’ என்பது இந்தச் சொல்லின் ஒரு மூலையை மட்டுமே தொடுகிறது. சில இடங்களில் அர்த்தத்தையே தலைகீழாக்கிவிடுகிறது.

ஒரு சொல்லுக்காக இத்தனை பக்கமா என்று அன்பர்கள் கேட்கலாம். இந்தச் சொல் கதைப் புத்தகத்தோடு நின்றுவிடுவதாக இருந்தால் நானும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இது நம் பிள்ளைகளின் பள்ளி அறிக்கையில் வருகிறது. அலுவலக விசாரணைக் குறிப்பில் வருகிறது. மருத்துவரின் படிவத்தில் வருகிறது. அங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

மூன்று அடையாளங்கள்

ஒரு பேச்சை ‘பிளர்ட் அவுட்’ என்று சொல்வதற்கு மூன்று அடையாளங்கள் பொருந்தி வர வேண்டும்.

முதலாவது, பேச்சு திடீரென்று வர வேண்டும். சுற்றி வளைத்து, பீடிகை போட்டு, கடைசியில் விஷயத்துக்கு வருகிறவரை இந்தச் சொல்லால் குறிக்க முடியாது.

இரண்டாவது, யோசனைக்கு முன்பே வாய் முந்திக்கொண்டிருக்க வேண்டும். சொல்லலாமா, கூடாதா என்று மனம் தீர்மானிப்பதற்குள் சொல் வெளியே வந்து விழுந்துவிடுகிறது.

மூன்றாவது, அது சொல்லியிருக்க வேண்டாத விஷயமாக இருக்க வேண்டும், அல்லது சொல்ல வேண்டிய நேரம் இன்னும் வராததாக இருக்க வேண்டும். ரகசியம், மனத்தாங்கல், அடக்கி வைத்திருந்த ஆசை, கேள்வி முடிவதற்குள் வந்துவிட்ட விடை என்று எதுவாகவும் இருக்கலாம்.

இந்த மூன்றிலும் ‘பொய்’ என்றோ ‘அர்த்தமற்றது’ என்றோ ஒன்றும் இல்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். சொல்லப்போனால் இப்படி வாயை மீறி வருவது பெரும்பாலும் மனதில் இருந்த உண்மைதான். கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தங்கை, “அண்ணாவுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை, விட்டுவிடப் போகிறான்” என்று சொல்லிவிட்டால் அது பிளர்ட் அவுட். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் வீட்டாருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனி நம் ‘உளறு’வைப் பாருங்கள். காய்ச்சலில் உளறுகிறோம். தூக்கத்தில் உளறுகிறோம். குடித்துவிட்டு உளறுகிறவர்களைத் தெருவில் பார்க்கிறோம். பாடம் தெரியாமல் எதையாவது சொல்லிச் சமாளிக்கும் மாணவனையும் ‘உளறுகிறான்’ என்கிறோம். இங்கெல்லாம் தொடர்பில்லாமல், பொருளில்லாமல் பேசுவது என்பதுதான் கருத்து. இதற்கு ஆங்கிலத்தில் ‘பாபிள்’, ‘ராம்பிள்’ போன்ற வேறு சொற்கள் இருக்கின்றன.

அப்படியானால் அகராதிக்காரர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள்? “ரகசியத்தை உளறிவிட்டான்” என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அந்த ஓர் இடத்தில் ‘உளறு’ சரியாகப் பொருந்துகிறது. ரகசியம் என்ற செயப்படுபொருளும் ‘விட்டான்’ என்ற துணைவினையும் கூட வந்தால் அது பிளர்ட் அவுட். இரண்டும் இல்லாத வெறும் ‘உளறினான்’ வேறு சங்கதி. அகராதியில் இடம் குறைவு. ஒரே சொல்லைப் போட்டு நகர்ந்துவிட்டார்கள். மிச்சத்தை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அறிக்கைப் புத்தகத்தில் ஒரு வரி

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம். பையன் நான்காம் வகுப்பு. அரையாண்டு அறிக்கையில் ஆசிரியை, பையன் ‘பிளர்ட்ஸ் அவுட் ஆன்ஸர்ஸ்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். தகப்பனார் அகராதியைப் பார்த்தார். ‘உளறு’ என்றிருந்தது. பையன் வகுப்பில் தப்பும் தவறுமாக விடை சொல்லி மானத்தை வாங்குகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அன்று முதல் மாலை விளையாட்டு நின்றது. வாய்ப்பாடு, இலக்கணம், பொது அறிவு என்று தினமும் ஒன்றரை மணி நேரம் ஒப்பிக்க வைத்தார். இடையிடையே இரண்டு அடியும் விழுந்தது.

ஒரு மாதம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆசிரியை சொன்னது வேறு: “உங்கள் பையனுக்கு விடையெல்லாம் தெரியும். நான் கேள்வியை முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறான். மற்ற பிள்ளைகளுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. அதைத்தான் எழுதினேன். ஆனால் இப்போது ஒரு மாதமாக வாயே திறப்பதில்லையே, உடம்பு சரியில்லையா?”

படிப்பில் முந்துகிற பிள்ளைக்குப் படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் தண்டனை கிடைத்தது. சொன்னால் அடி விழும் என்று அது வாயை மூடிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வினைச்சொல்.

அந்த ஆசிரியை எழுதியதைத் தமிழில் சொல்வதாக இருந்தால், ‘கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சுருக்கமாகச் சொல்ல நம் பாட்டிமார்களிடம் அருமையான சொல் இருக்கிறது: முந்திரிக்கொட்டை. எல்லாப் பழத்துக்கும் கொட்டை உள்ளே இருக்கும். முந்திரிக்கு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முந்திக்கொண்டு பேசும் பிள்ளையை ‘முந்திரிக்கொட்டை’ என்றார்கள். அதில் கண்டிப்பு உண்டு, செல்லமும் உண்டு. முட்டாள் என்ற குறிப்பு மட்டும் கிடையாது.

இந்த வரிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த ஒரு நிலையை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று அழைக்கிறார்கள். அதைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேட்டை உலகெங்கும் பல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் 1994 பதிப்பிலும் 2013 பதிப்பிலும், கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிடுவது ஓர் அறிகுறியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் இதே ‘பிளர்ட்ஸ் அவுட்’ என்ற சொற்கள்தான். இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, நம் பிள்ளைக்கும் அதுதானோ’ என்று சில பெற்றோர் இப்போது கலங்குகிறார்கள்.

கலங்க வேண்டாம். துறுதுறுப்பும் அவசரமும் சம்பந்தப்பட்ட பிரிவில் அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அவற்றில் குறைந்தது ஆறாவது இருக்க வேண்டும். அவை குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கைக்கும் படிப்புக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டும். ஆக, அறிக்கையில் வந்த ஒரே ஒரு வரியை வைத்து நோய் என்று முடிவு செய்வதற்கில்லை. மற்ற அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவதில் தயக்கமும் வேண்டியதில்லை. ‘உளறுகிறான்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு அடித்தால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் சரியாகாது.

சொல் பிறந்த கதை

ஆங்கிலத்தில் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள் ஏராளம். ‘பிளர்ட்’ அந்த வம்சத்தைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அச்சில் தலை காட்டுகிறது. ஒலியைப் பார்த்துப் பிறந்த சொல்லாக இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. தண்ணீர் பீறிட்டு வருவதைக் குறிக்கும் ‘ஸ்பர்ட்’, பீச்சியடிப்பதைக் குறிக்கும் ‘ஸ்குவர்ட்’ ஆகியவற்றோடு சேர்த்து உச்சரித்துப் பாருங்கள். உதடு மூடி, காற்று அடைபட்டு, பட்டென்று திறக்கிறது. சொல்லும்போதே வாய் அந்தச் செயலைச் செய்து காட்டிவிடுகிறது.

ஆதியில் இதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. ஒருவரை ஏளனம் செய்ய உதட்டைக் குவித்து ‘ப்பூ’ என்று காற்றை விடுவோமே, அதையும் ‘பிளர்ட்’ என்றார்கள். ஷேக்ஸ்பியர் பெயரில் வழங்கும் ‘பெரிக்ளீஸ்’ நாடகத்தில் இச்சொல் அந்த ஏளனப் பொருளில் வருகிறது. 1602ஆம் ஆண்டில் லண்டனில் ‘பிளர்ட், மாஸ்டர் கான்ஸ்டபிள்’ என்றே ஒரு நாடகம் அச்சானது. ஏளனப் பொருள் காலப்போக்கில் வழக்கொழிந்துவிட்டது. யோசிக்காமல் சொல்லிவிடுதல் என்ற பொருள் மட்டும் நிலைத்தது.

ஒலியிலிருந்து சொல் பிறப்பது தமிழனுக்குப் புதிதில்லை. படக்கென்று, சட்டென்று, பொசுக்கென்று, திடுக்கென்று, மளமளவென்று என்று நம்மிடம் ஒரு பட்டாளமே இருக்கிறது. இவற்றுள் ‘பொசுக்கென்று’ நம் சொல்லுக்கு மிக நெருங்கியது. “பொசுக்கென்று சொல்லிப்பிட்டான்” என்று மதுரைப் பக்கத்துக்காரர் சொன்னால், அது பிளர்ட் அவுட்டுக்கு அச்சு அசலான மொழிபெயர்ப்பு.

எழுதுவதும் உச்சரிப்பதும்

இலக்கணம் சுலபம். இறந்த காலத்தில் ‘பிளர்ட்டட்’. இது செயப்படுபொருளை ஏற்கும் வினை. எதைச் சொன்னார் என்பது கூடவே வர வேண்டும். ரகசியத்தைச் சொல்லிவிட்டான் என்பதற்கு ‘ஹீ பிளர்ட்டட் அவுட் த ஸீக்ரெட்’ எனலாம். ‘அது’ என்று சுட்டிச் சொல்வதானால் அந்தச் சுட்டுச்சொல் நடுவில் வரும்: ‘ஹீ பிளர்ட்டட் இட் அவுட்’. ‘பிளர்ட்டட் அவுட் இட்’ என்று எழுதுவது பிழை. இன்னாரிடம் சொன்னான் என்று குறிக்க ‘டு’ என்ற முன்னிடைச்சொல் போதும். சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் கொடுத்து, பக்கத்தில் ‘ஹீ பிளர்ட்டட் அவுட்’ என்று எழுதுவதும் வழக்கம்தான்.

குரலின் உயரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. கத்திச் சொன்னாலும் பிளர்ட் அவுட்தான். காதோடு காதாக முணுமுணுத்தாலும் பிளர்ட் அவுட்தான். சத்தம் என்ற கருத்து வேண்டுமானால் ‘ஷவுட்’ என்று தனியாக இருக்கிறது.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. ‘ஹர்ட்’, ‘ஷர்ட்’ ஆகியவற்றோடு எதுகையாக ‘பிளர்ட்’ என்று சொல்ல வேண்டும். முதலெழுத்து உதடு இரண்டும் ஒட்டிப் பிறக்கும் ஒலி; ‘பஸ்’, ‘பால்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலில் வருவது. கீழுதட்டை மேல்பல் தொட்டுவிட்டால் அது ‘ஃப்ளர்ட்’ ஆகிவிடும். அதற்கு ஆண் பெண் விளையாட்டாய்க் காதல் பேச்சுப் பேசுவது என்று பொருள்! தமிழ் நாக்குக்கு அந்த ஒலி இயற்கையாக இல்லாததால் இரண்டு சொற்களும் நம்மில் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பள்ளிக்குச் சென்று பேத்தியைப் பற்றி ஆசிரியையிடம் பேசப் போகும் தாத்தாக்கள் இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டு போவது உத்தமம்.

பங்காளிச் சொற்கள்

திடீர்ப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் இன்னும் சில வினைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு.

‘எக்ஸ்க்ளெய்ம்’ என்பது வியப்பு, மகிழ்ச்சி, வலி ஆகியவற்றால் கூவுவது. மலை உச்சியில் ஏறிப் பார்த்ததும், “ஆகா, எவ்வளவு அழகு!” என்பது எக்ஸ்க்ளெய்ம். அதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

‘பர்ஸ்ட் அவுட்’ என்பதில் உணர்ச்சி அணை உடைகிறது. இது பேச்சுக்கு மட்டும் இல்லாமல் சிரிப்புக்கும் அழுகைக்கும் வரும். ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’ என்பது சரி. ‘பிளர்ட் அவுட் லாஃபிங்’ என்று யாரும் சொல்வதில்லை.

‘பைப் அப்’ என்பது அதுவரை பேசாமல் இருந்தவர் இடையில் குரல் கொடுப்பது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் மூலையிலிருந்து குழந்தை ஒன்று கீச்சுக் குரலில் கேள்வி கேட்பதற்கு மிகவும் பொருத்தம்.

‘லெட் ஸ்லிப்’ என்பது நழுவ விடுவது. சாதாரணப் பேச்சுக்கு நடுவே ஒரு தகவல் தெரியாமல் கசிந்துவிடுகிறது. பிளர்ட்டில் இருக்கும் வேகம் இதில் இல்லை.

‘ஸ்பீக் அவுட்’ என்பதைத்தான் மிகவும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். இதுவும் ‘அவுட்’ என்று முடிவதால் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். ஸ்பீக் அவுட் என்பது யோசித்து, விளைவு தெரிந்து, துணிந்து வெளிப்படையாகப் பேசுவது. அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை ஓர் ஊழியர் எழுந்து நின்று சொன்னால் அவர் ‘ஸ்போக் அவுட்’. அதையே ‘பிளர்ட்டட் அவுட்’ என்று அறிக்கையில் எழுதினால் அவருடைய தைரியம் அவசரப்புத்தி ஆகிவிடும். ஒரு மனிதரின் நல்ல பெயர் இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவே நிற்கிறது.

இன்னொரு பழைய சொல். நூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாவல்களில், துப்பறியும் கதைகளில்கூட, திடீரென்று சொன்னார் என்பதற்கு ‘எஜாகுலேட்டட்’ என்று தாராளமாக வரும். நம்மில் பலர் அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் ஆங்கிலம் கற்றோம். இன்றைக்கு அந்தச் சொல் உடற்கூறு சம்பந்தமான வேறு பொருளில்தான் வழங்குகிறது. படிக்கும்போது புரிந்துகொண்டால் போதும்; பேச்சில் வேண்டாம்.

நம் மொழிகளில்

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். ஒரே சொல் தேவையில்லை. நம் துணைவினைகள் இந்த வேலையை அழகாகச் செய்கின்றன. ‘சொன்னான்’ என்றால் வெறும் செய்தி. ‘சொல்லிவிட்டான்’ என்றால் இனித் திரும்ப எடுக்க முடியாது என்ற குறிப்பு வந்துவிடுகிறது. ‘சொல்லித் தொலைத்தான்’ என்றால் கேட்டவருடைய எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. ரகசியமானால் ‘போட்டு உடைத்தான்’. மனதில் இருந்தது முழுவதும் வந்துவிட்டால் ‘கொட்டிவிட்டான்’. மிரட்டலுக்குப் பயந்து சொன்னால் ‘கக்கிவிட்டான்’. எண்ணமில்லாமல் வந்தது ‘வாய்தவறி’. ஆங்கிலம் ஒரு சொல்லில் மூட்டையாகக் கட்டியதை நாம் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறோம்.

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு ஹிந்தி வழியாகச் சொன்னால் சீக்கிரம் பிடிபடும். ஹிந்தியில் ‘போல் பட்னா’ என்றால் திடீரெனப் பேசிவிடுவது. ‘முஹ் ஸே நிகல் கயா’ என்றால் வாயிலிருந்து வந்துவிட்டது. மராத்தியில் ‘போலூன் கேலா’ என்பார்கள். இங்கேயும் முக்கிய வினையோடு ஒரு துணைவினை சேர்ந்துதான் இந்தப் பொருளைத் தருகிறது. ‘போலூன் கேலா’வையும் ‘சொல்லிவிட்டான்’ என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பள்ளியில் கற்ற மொழியும் வீட்டு மொழியும் ஒரே முறையில் வேலை செய்வதைக் கண்டு பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். தமிழ் இலக்கணம் கற்பிக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

விசாரணை மேசையில்

யோசிக்காமல் வந்த பேச்சுக்கு மதிப்பு உண்டா? சமூகம் அதைக் குறை என்கிறது. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில் நாவைக் காப்பதற்கென்றே குறள் இருக்கிறது. ஆனால் சட்டம் வேறொரு கோணத்தில் பார்க்கிறது. சம்பவம் நடக்கும்போதோ, அதையொட்டி உடனேயோ, அங்கிருந்தவர்கள் சொன்ன சொற்களும் அந்தச் சம்பவத்தின் ஒரு பகுதி என்பது பழைய கொள்கை. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் அது 6ஆம் பிரிவாக இருந்தது. அதன் இடத்துக்கு வந்து 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 4ஆம் பிரிவு. இதன் பின்னாலுள்ள நியாயம் எளிது. அந்தக் கணத்தில் வாயில் வந்ததற்குப் பொய் புனைய அவகாசம் இல்லை.

ரயில்வேயில் விபத்து விசாரணைக் குறிப்புகளோடு எனக்குப் பல வருஷப் பழக்கம் உண்டு. அங்கே வினைச்சொல் தேர்வு எத்தனை முக்கியம் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். தண்டவாளத்தில் விரிசல். சம்பவ இடத்திலேயே கீமேன், “நேற்றே பார்த்தேனே” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு எழுதுகிறவர் ‘ஸ்டேட்டட்’ என்று எழுதினால், நிதானமாக வாக்குமூலம் கொடுத்தார் என்று பொருள். ‘அட்மிட்டட்’ என்று எழுதினால், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பொருள். ‘பிளர்ட்டட் அவுட்’ என்று எழுதினால், மறைக்க நினைத்தது வாய்தவறி வந்துவிட்டது என்ற சாயல் ஏறிவிடும். ஒருவேளை அவர் நேற்றே மேலதிகாரியிடம் சொல்லி, யாரும் கவனிக்காமல் போயிருக்கலாம். அந்த ஆதங்கத்தில் சொல்லியிருக்கலாம். மூன்று வினைகளில் எது அந்தக் காகிதத்தில் விழுகிறதோ, அதைப் பொறுத்து ஒரு கடைநிலை ஊழியரின் பிழைப்பு ஆடும். அதனால் அனுபவசாலிகள் அடைமொழி ஏதும் இல்லாமல் ‘செட்’ என்று மட்டும் போட்டு, அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, நேரத்தையும் குறித்து வைப்பார்கள். அலுவலகத்தில் குறிப்பு எழுதும் இளைஞர்கள் இதைப் பின்பற்றலாம். ‘பிளர்ட்’ என்பது சொன்னவரின் மனதுக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்லும் வினை. கதாசிரியருக்கு அந்த உரிமை உண்டு; குறிப்பு எழுதுகிறவருக்குக் கிடையாது.

மூன்று விநாடி

முந்திக்கொண்டு பேசும் பழக்கத்தை மாற்ற முடியுமா? முடியும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் அமைந்தன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச முன்வந்தார்கள். தவறு முழுவதும் பிள்ளையிடம் இல்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது. கேட்கிறவர் அவசரப்படுத்தினால் சொல்கிறவரும் அவசரப்படுவார்.

ரயில்வேயில் இதற்கு ஒப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. சிக்னலோடு பிணைக்கப்படாத லெவல் கிராஸிங்கில், கேட்டை மூடச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் சொல்வார். கேட்மேன் ‘மூடிவிட்டேன்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. கேட்டை மூடிப் பூட்டிய பிறகு, தன்னிடமுள்ள தாளில் அடுத்து வரும் பிரைவேட் நம்பரைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவு செய்துகொள்வார். தாளைப் பார்த்து, எண்ணைப் படித்து, அதை அடித்துவிட்டுச் சொல்வதற்குள் சில விநாடிகள் போகும். அவசரத்தில் ‘ஆச்சு, ஆச்சு’ என்று சொல்லிவிட முடியாத ஏற்பாடு அது. மனித வாய் முந்தும் என்பதை அறிந்தவர்கள்தான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

வீட்டிலும் இப்படி ஒன்றைச் செய்யலாம். சாப்பாட்டு வேளையில் விடுகதை போடுங்கள். கேட்டு முடித்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்குங்கள். மூன்றாவது விரல் மடங்கிய பிறகு சொல்லும் விடைக்கே மதிப்பெண். முந்துகிற பிள்ளை அடங்கக் கற்கும். மெதுவான பிள்ளைக்கும் முறை கிடைக்கும். விடை தெரிந்த பிள்ளையை, “சபாஷ், ஆனால் கேள்வி இன்னும் முடியவில்லை” என்று சொல்லித் திருத்தலாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கைப் புத்தகத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் உடனே பிள்ளையைக் கூப்பிட்டுக் கோபிக்க வேண்டாம். ஆசிரியையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சொன்ன விடை சரியா, தவறா? கேள்வி முடிவதற்கு முன்பா, பின்பா? விடை சரி, நேரம்தான் தவறு என்றால் பிள்ளைக்குத் தேவை பொறுமைப் பயிற்சி. விடையே தவறு என்றால் பாடத்தில் உதவி தேவை. இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று தெரிந்துகொண்ட பிறகு பிள்ளையிடம் பேசலாம். அதற்கு முன்னால் நம் வாயும் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வோம்.